மிரியம் மகேபாவின் முதல் 27 வருடங்கள்

ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய பிராஸ்பெக்ட் என்ற கறுப்பர் குடியிருப்பில் 1932 மார்ச் 4ஆம் தேதி பிறந்தவர் ஸென்ஸிலே மிரியம் மகேபா. பிறந்த பதினெட்டாம் நாள் தாயைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. வீட்டில் பீர் காய்ச்சி விற்றார் என்பது குற்றம். ஆறு மாதச் சிறை. பால்குடி மறக்காத பிள்ளையும் தாயோடு உள்ளே போனது. பிற்காலத்தில் எந்த அரசு அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்து இசைத்தட்டுகளைத் தடை செய்ததோ, அதே அரசின் சிறையில்தான் அவர் கவிழ்ந்து படுக்கவும் தவழவும் கற்றிருப்பார்.

உம்கொம்போத்தி என்கிற அந்த பீர், மக்காச்சோளத்தையும் முளைவிட்ட சோளத்தையும் புளிக்கவைத்துக் காய்ச்சுவது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னோருக்குப் படைப்பதற்கும் அது வேண்டும். பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த பெண்களுக்கோ அதுதான் கையில் நாலு காசு தரும் தொழில். வெள்ளையர் நிர்வாகம் அதைத் தடுத்ததற்கு ஒழுக்கத்தைக் காரணம் காட்டியது. ஆனால் டர்பன் நகராட்சி 1909 முதல் தானே பீர் காய்ச்சி, தானே கூடம் கட்டி, ஆப்பிரிக்கர்களுக்கு விற்றது. அந்த லாபத்திலிருந்துதான் ஆப்பிரிக்கர்களை அடக்கியாளும் நிர்வாகத்துக்கே செலவு செய்தது. மற்ற நகரங்களும் அந்த வழியைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. ஏழைப் பெண்ணின் பானைக்குப் போட்டியாக நகராட்சியின் பீப்பாய் நின்றபோது, சட்டம் பானையை உடைத்தது. கிறிஸ்டினா மகேபா சிறைக்குப் போனதன் பின்னால் இருந்த கணக்கு இதுதான்.

நிறவெறி ஆட்சி 1948இல் தொடங்கியதாக எழுதுவது வழக்கம். தேசியக் கட்சி தேர்தலில் வென்று, பாகுபாட்டுக்குப் பெயரும் தத்துவமும் சூட்டிய வருடம் அது. மிரியமுக்கு அப்போது 16 வயது. அவருடைய கதையைப் படிக்கிறவர்கள் அந்த வருடத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதியைத் தவறவிடுவார்கள். 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம் நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதத்தை மட்டும் ஆப்பிரிக்கர்களுக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற இடங்களில் அவர்கள் நிலம் வாங்கத் தடை போட்டிருந்தது. 1923ஆம் ஆண்டு நகர்ப்புறச் சட்டம், வெள்ளையர்களுக்கு வேலை செய்யும் வரைதான் அவர்களுக்கு நகரத்தில் இடம் என்று வைத்திருந்தது. 1948இல் வந்தவர்கள் ஏற்கெனவே நின்றிருந்த சுவரின் மேல் கட்டினார்கள்.

தாய் கிறிஸ்டினா ஸ்வாஸி இனத்தவர். சங்கோமா, அதாவது முன்னோர்களின் வாக்கைக் கேட்டு நோய் தீர்க்கும் மருத்துவச்சி. மரபு வாத்தியங்கள் சிலவற்றை வாசிக்கத் தெரிந்தவர். தந்தை காஸ்வெல் கோசா இனத்தவர், பியானோ வாசிப்பார். மிரியமுக்கு ஆறு வயதானபோது அவர் இறந்துபோனார். வெள்ளையர் வீடுகளில் தங்கி வேலை செய்வதைத் தவிர கிறிஸ்டினாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி ஊட்டி வளர்க்கலாம், சொந்தப் பிள்ளைகளை உடன் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே மிரியம் பிரிட்டோரியாவுக்கு வெளியே ரிவர்சைடு குடியிருப்பில் இருந்த பாட்டி வீட்டுக்குப் போனார். மாமன், சித்தி பிள்ளைகள் நிறைந்த வீடு அது. அண்ணன் ஒருவர் டியூக் எலிங்டன், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். கேட்டதைத் தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆப்பிரிக்காவின் தென்கோடியில் ஒரு தகரக் கூரையின் கீழே, அமெரிக்கக் கறுப்பினப் பாடகியின் குரலைப் பிடித்துப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமியை இன்று கற்பனை செய்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

பள்ளி, கில்னர்ட்டன். மெத்தடிஸ்ட் மிஷன் ஆப்பிரிக்கர்களுக்காக பிரிட்டோரியாவில் நடத்திய புகழ்பெற்ற நிறுவனம். எட்டு வருடம் அங்கே படித்தார். கோசா, சோத்தோ, ஸூலு, ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் பாடிய பாடகர் குழுவில் இருந்தார். ஆங்கிலம் பேச வருவதற்கு முன்பே ஆங்கிலத்தில் பாட வந்துவிட்டது என்று பின்னாளில் சொன்னார். 13 வயதில் பாட்டுக்குப் பரிசு வாங்கினார்.

1947இல் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்கா வந்தார். கறுப்பினப் பள்ளிகளின் பிள்ளைகளை வரவேற்புப் பாடலுக்குத் தயார் செய்தார்கள். மிரியம் தனித்துப் பாடவேண்டிய வரிகளும் அதில் இருந்தன. வாரக்கணக்கில் ஒத்திகை. அன்று மழை. பிள்ளைகள் நனைந்தபடி மணிக்கணக்கில் வழியோரம் காத்து நின்றார்கள். மன்னரின் கார் வந்தது, நிற்கவில்லை, போய்விட்டது. தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லும்போது மிரியம் இதை விடாமல் சொன்னார். போலீஸ் தடியடியோ துப்பாக்கியோ இல்லாத நிகழ்ச்சி. ஆனால் பாடத் தயாராக வாய் திறந்து நிற்கும் பிள்ளையைப் பார்க்காமல் போவதும் ஒரு வகை ஆட்சிமுறைதான். அதை 15 வயதில் அவர் புரிந்துகொண்டார்.

பள்ளிப் படிப்பு அதோடு முடிந்துபோனது. குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை, துணி துவைக்கும் வேலை என்று வெள்ளையர் வீடுகளுக்குப் போனார். 1949இல், 17 வயதில், போலீஸ் பயிற்சியில் இருந்த ஒருவரோடு திருமணம். 1950இல் மகள் போங்கி பிறந்தாள். அடுத்து மார்பகப் புற்றுநோய். தாய் கிறிஸ்டினாதான் தன் மூலிகைகளோடு மகளின் அருகில் இருந்தார். மனைவியை அடித்துக்கொண்டிருந்த கணவர் அதற்குப் பின் விட்டுவிட்டுப் போனார். இருபது வயது நிறைவதற்குள் இத்தனையும்.

குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு ஜோகன்னஸ்பர்க்கில் பாட வந்தார். முதலில் கியூபன் பிரதர்ஸ் என்ற சிறு குழு. 21 வயதில், அன்றைக்கு நாட்டிலேயே பெயர்பெற்ற மன்ஹாட்டன் பிரதர்ஸ் குழுவில் ஒரே பெண்ணாகச் சேர்ந்தார். குழுவின் தலைவர் நேதன் ம்ட்லெட்லே. கோட்டு, டை, பளபளக்கும் ஷூ, அமெரிக்கப் பாணி நால்வர் பாட்டு. மேடையில் ராஜாக்கள். மேடையை விட்டு இறங்கினால், இரவில் நகரத்துக்குள் இருப்பதற்கு அனுமதிச் சீட்டு கையில் இருக்கவேண்டும். வழியில் போலீஸ்காரர் நிறுத்திக் கேட்கும்போது சீட்டு சரியில்லை என்றால் அந்தக் கோட்டோடேயே லாக்கப்புக்குப் போகவேண்டியதுதான். வெள்ளையர் விருந்துகளில் பாடினால் சாப்பாடு சமையலறையில். 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரின் இனத்தையும் பதிவேட்டில் எழுதியது. அதே ஆண்டு வந்த குழுப் பகுதிச் சட்டம் யார் எங்கே வசிக்கவேண்டும் என்று வரைபடத்தில் கோடு போட்டது. பாடகர்களின் பிழைப்போ அந்தக் கோடுகளைத் தாண்டி ஊர் ஊராகப் போவதில் இருந்தது.

இந்தக் காலத்தில் அவர் பாடிய ஒரு பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். 'லாகுட்ஷோனா இலாங்கா' 1953இல் பதிவானது. மெக்கே டவாஷே இயற்றிய கோசா மொழிப் பாடல். பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்பாத ஒருவரை நினைத்து, நேசிப்பவர் தேடிக் கிளம்புகிறார். எங்கே தேடுவது? ஆஸ்பத்திரியில், சிறையில். கேட்பதற்கு மெல்லிய காதல் பாட்டு. ஆனால் ஜோகன்னஸ்பர்க்கின் கறுப்பினக் குடும்பங்களில் மாலை வேளையின் பயம் அது. பாஸ் என்ற அனுமதிப் புத்தகத்தை மறந்துவிட்டு வேலைக்குப் போன அண்ணன், சீட்டில் முதலாளி கையெழுத்துப் போடாத கணவன், இருட்டிய பிறகும் வரவில்லை என்றால் அந்த இரண்டு இடங்களில்தான் போய்ப் பார்ப்பார்கள். அந்தப் பாட்டில் அரசு என்ற பேச்சே கிடையாது. தேவையும் இல்லை.

அமெரிக்காவில் வெளியிடுவதற்கு ஆங்கிலத்தில் வேண்டும் என்றார்கள். 1956இல் 'லவ்லி லைஸ்' என்ற பெயரில் வந்தது. ஆஸ்பத்திரி போனது, சிறை போனது. அழகான கண்களால் பொய் சொல்லும் காதலனைப் பற்றிய இனிப்பான வரிகள் வந்தன. பில்போர்ட் பட்டியலில் ஏறிய முதல் தென்னாப்பிரிக்க இசைத்தட்டு என்ற பெருமை அதற்குக் கிடைத்தது. பெருமைதான். ஆனால் அமெரிக்கா முதன்முதலில் கேட்ட மிரியம் மகேபாவின் குரல், சொல்ல வந்த விஷயம் பிடுங்கப்பட்ட குரல். பிற்காலத்தில் அவர் ஆங்கில மேடைகளிலும் கோசாவிலேயே பிடிவாதமாகப் பாடியதை நினைக்கும்போது எனக்கு இந்த இசைத்தட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

காசு விஷயமும் அப்படித்தான். அன்றைய கறுப்பினக் கலைஞர்களுக்குப் பதிவுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்து அனுப்புவார்கள். விற்பனையில் பங்கு கிடையாது. 1939இல் 'ம்பூபே' பாடிய சாலமன் லிண்டா, உலகமெங்கும் கோடிக்கணக்கில் சம்பாதித்த அந்த மெட்டின் உரிமையை 10 ஷில்லிங்குக்குக் கொடுத்துவிட்டு ஏழையாகவே இறந்தார்.

அன்று கறுப்பினக் கலைகளின் இதயம் சோஃபியாடவுன். ஜோகன்னஸ்பர்க்கில் கறுப்பர்கள் சொந்தமாக மனை வாங்கக்கூடிய மிகச் சில இடங்களில் ஒன்று. ஆப்பிரிக்கர்களோடு இந்தியர்களும் சீனர்களும் கலப்பினத்தவரும் தெருவுக்குத் தெரு கலந்து வாழ்ந்தார்கள். ஷெபீன் என்ற திருட்டு மதுக்கூடங்களில் ஜாஸ் ஒலித்தது. 1951இல் தொடங்கிய 'ட்ரம்' பத்திரிகையின் இளம் எழுத்தாளர்கள் அங்கே உட்கார்ந்து விடிய விடியப் பேசினார்கள். ரவுடிகளும் உண்டு, பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குத் துணிந்த ரவுடிகள். எல்லாக் குறையோடும் அது வாழ்கிற ஊர். அரசுக்கு அது பொறுக்கவில்லை. 1955 பிப்ரவரி 9ஆம் தேதி ஆயுதம் தாங்கிய 2,000 போலீஸார் வந்து இறங்கினார்கள். குடும்பங்களை லாரிகளில் ஏற்றி மெடோலேண்ட்ஸ் என்ற புதுக் குடியிருப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீடுகளை இடித்தார்கள். அந்த மண்ணில் வெள்ளையர்களுக்கு வீடு கட்டி, 'வெற்றி' என்ற பொருளில் ட்ரியோம்ஃப் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த இடிபாட்டிலிருந்து ஒரு பாட்டு வந்தது. ஸ்ட்ரைக் விலாகஸி எழுதிய 'மெடோலேண்ட்ஸ்'. துள்ளலான மெட்டு, தெருவில் பேசும் கலப்பு மொழி. புது இடத்தைப் புகழ்கிறார்கள் என்று அதிகாரிகள் மகிழ்ந்துபோனார்கள். பாடியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் அதற்குள் இருந்த வலி தெரியும். சட்டம் எழுதுகிறவர்களுக்குத் தங்கள் காலடியில் வாழ்கிற மக்களின் பேச்சு புரியாது என்பதைக் கலைஞர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். ஆனாலும் எப்போதும் தப்பிக்க முடியவில்லை. மிரியமின் தோழி டாரதி மசூகா 1961இல் கொலையுண்ட காங்கோ தலைவர் லுமும்பாவைப் பற்றிப் பாடியபோது சிறப்புப் போலீஸ் அந்தப் பதிவைத் தேடி அழித்தது. அப்போது நாட்டுக்கு வெளியே இருந்த மசூகா 31 வருடம் திரும்பவில்லை.

1956இல் காலோடோன் இசைத்தட்டு நிறுவனம் ஸ்கைலார்க்ஸ் என்ற பெண்கள் குழுவை அமைத்தது. மிரியமோடு அபிகைல் குபெகா, மேரி ரபோடாபி போன்றவர்கள் பாடினார்கள். ஆண்களின் நடுவே ஒற்றைப் பெண்ணாக அலங்காரத்துக்கு நிற்பதிலிருந்து இது வேறு. நான்கு பெண்கள் தங்களுக்குள் சுருதி பிரித்துக்கொண்டு, கல்யாணப் பாட்டையும் கிராமத்து மெட்டையும் ஜாஸோடு இழைத்தார்கள். பின்னாளில் உலகம் 'கிளிக் சாங்' என்று அழைத்த 'கொங்கோத்வானே'யும் கோசாக்களின் கல்யாணப் பாட்டுதான். அதன் சொடுக்கொலிகளை வெள்ளையர்களால் உச்சரிக்க முடியாததால் வந்த பெயர் அது. 'பாட்டா பாட்டா'வும் இந்தக் காலத்துப் பாட்டு. அன்றைக்கு டவுன்ஷிப்புகளில் ஆடிய ஒரு நடனத்தின் பெயர். 1967இல் அமெரிக்காவில் பெரும் வெற்றி பெற்றபோது, தன் பாட்டுகளிலேயே கனமில்லாதது இப்படிப் புகழ் பெற்றுவிட்டதே என்று மிரியம் வருத்தப்பட்டார்.

அதே 1956 ஆகஸ்ட் 9ஆம் தேதி, பெண்களும் பாஸ் புத்தகம் வைத்திருக்கவேண்டும் என்ற ஆணையை எதிர்த்து 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகத்தின் முன் திரண்டார்கள். கையெழுத்திட்ட மனுக்களைக் கொடுத்தார்கள், அரை மணி நேரம் அமைதியாக நின்றார்கள், பாடினார்கள், கலைந்தார்கள். பிரதமர் ஸ்ட்ரைடம் அவர்களைச் சந்திக்க வரவில்லை. மிரியம் அந்நாளில் எந்தக் கட்சியிலும் முன்னின்று பேசியவர் இல்லை. நெல்சன் மண்டேலா என்ற இளம் வக்கீலை 1955இல் சந்தித்திருந்தார். இந்தப் பெண் பெரிய ஆளாக வருவாள் என்று அப்போதே தோன்றியதாக மண்டேலா பின்னர் நினைவுகூர்ந்தார். தான் அரசியல் பாடுவதில்லை, உண்மையைப் பாடுகிறேன் என்று மிரியம் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். அதை நான் முழுமையாக நம்புகிறேன். சாப்பாடு, வீடு, காதல், பிரசவம், மொழி என்று ஒவ்வொன்றிலும் அரசு கைவைத்திருக்கும் நாட்டில், தன் வாழ்க்கையை மறைக்காமல் பாடுகிற பெண் கலகக்காரி ஆகிவிடுகிறாள். அவளைக் கலகக்காரி ஆக்குவது அரசுதான்.

1957இல் 'ட்ரம்' அட்டையில் அவர் படம் வந்தது. 1959 பிப்ரவரி 2ஆம் தேதி விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கில் 'கிங் காங்' அரங்கேறியது. காதலியைக் கொன்று, சிறையில் தண்ணீரில் மூழ்கி இறந்த குத்துச்சண்டை வீரர் எசேக்கியேல் ட்லாமினியின் கதை. இசை டாட் மட்ஷிகிஸா; 'ட்ரம்'மில் இசை பற்றி எழுதியவர் அவர்தான். வீரனாக நேதன் ம்ட்லெட்லே. அவனுடைய காதலியும் ஷெபீன் நடத்துபவளுமான ஜாய்ஸாக மிரியம். வாத்தியக் குழுவில் 19 வயது ஹியூ மசகேலா டிரம்பெட். பல்கலைக்கழக அரங்கம் என்பதால் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின் கீழ் உட்கார முடிந்தது. ஜோகன்னஸ்பர்க் வெள்ளையர்கள் பலர் தங்கள் ஊர்க் கறுப்பினக் கலைஞர்களின் திறமையை முழு நாடகமாகப் பார்த்தது அன்றுதான். அதே வருடம் நாடாளுமன்றம், அத்தகைய பல்கலைக்கழகங்களில் கறுப்பின மாணவர்கள் சேர்வதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

இதற்கு முன்பே இன்னொரு வேலை ரகசியமாக நடந்திருந்தது. அமெரிக்க இயக்குநர் லயனல் ரோகோசின், இசைப் படம் எடுப்பதாக அதிகாரிகளிடம் சொல்லிவிட்டு, நிறவெறியின் கீழே ஒரு ஸூலு தொழிலாளியின் வாழ்க்கையை 'கம் பேக், ஆப்பிரிக்கா' என்று எடுத்துக்கொண்டிருந்தார். எழுத்தாளர்கள் லூயிஸ் நிகோசியும் ப்ளோக் மோடிசானேயும் கதையில் கைகொடுத்தார்கள். ஷெபீன் காட்சி ஒன்றில் நண்பர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது மிரியம் உள்ளே வருகிறார். இரண்டு பாட்டுப் பாடுகிறார். மொத்தம் சில நிமிடம். அந்தச் சில நிமிடம் போதுமானதாக இருந்தது. 1959 வெனிஸ் திரைப்பட விழாவில் படம் விமர்சகர்களின் விருதை வாங்கியது. மிரியமும் அங்கே போனார். எட்டு வயது போங்கி பாட்டியிடம் இருந்தாள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினார். அவருக்கு வயது 27.

வெனிஸிலிருந்து லண்டன். அங்கே பாடகர் ஹாரி பெலஃபான்டேயைச் சந்தித்தார். அமெரிக்காவில் மிரியமுக்கு வழிகாட்டியும் காவலும் பெலஃபான்டேதான். நவம்பர் 30ஆம் தேதி ஸ்டீவ் ஆலன் தொலைக்காட்சி நிகழ்ச்சி. பிறகு நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்; பார்வையாளர்களில் மைல்ஸ் டேவிஸும் டியூக் எலிங்டனும். அண்ணன் இசைத்தட்டில் போட்டுக் காட்டிய அதே எலிங்டன். கோசாவிலும் ஸூலுவிலும் பாடினார்.

நான்கு மாதம் கூட ஆகவில்லை. 1960 மார்ச் 21ஆம் தேதி ஷார்ப்வில்லில் பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடிய மக்கள் மீது போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். மிரியமின் உறவினர்கள் இருவரும் அதில் பலியானார்கள். சில நாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்குத் தடை வந்தது. அதே ஆண்டு தாய் கிறிஸ்டினா இறந்த செய்தி வந்தது. இறுதிச் சடங்குக்குப் போகக் கிளம்பிய மகளுக்கு, பாஸ்போர்ட் ரத்தாகிவிட்டது என்ற பதில் கிடைத்தது. பச்சைக்குழந்தையாகத் தாயோடு சிறையில் இருந்தவளை, அந்தத் தாயின் புதைகுழி வரை வரவிடவில்லை அந்த அரசு. இதை எழுதும்போது கோபத்தை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1960 ஆகஸ்டில் போங்கி மட்டும் நியூயார்க் வந்து சேர்ந்தாள்.

1963 ஜூலையில் மிரியம் ஐக்கிய நாடுகள் சபையின் நிறவெறி எதிர்ப்புக் குழுவின் முன் சாட்சி சொன்னார். தன் நாட்டை அரசு ஒரு பெரும் சிறையாக்கிவிட்டது என்றார். பொருளாதாரத் தடை கேட்டார். பதிலுக்குக் குடியுரிமை பறிபோனது. பாட்டுகள் தென்னாப்பிரிக்காவில் தடை செய்யப்பட்டன. அவர் மறுபடி தாய்நாட்டில் கால் வைத்தது 1990 ஜூன் மாதம்தான்.

இதற்கிடையில் போர்ட் எலிசபெத் துறைமுகத் தொழிற்சங்கத்தில் வுயிசிலே மினி என்று ஒருவர் இருந்தார். கனத்த குரல். பிரதமர் வெர்வோர்டைப் பெயர் சொல்லி எச்சரிக்கும் 'ன்டோடெம்ன்யாமா' பாட்டை இயற்றியவர். கூட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் அதைப் பாடி ஆடினார்கள். அவரையும் தோழர்கள் இருவரையும் 1964 நவம்பர் 6ஆம் தேதி பிரிட்டோரியா சிறையில் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டு பெலஃபான்டேயோடு சேர்ந்து வெளியிட்ட ஆல்பத்தில் மிரியம் அந்தப் பாட்டைப் பாடினார், வெர்வோர்டின் பெயரோடு. 1966இல் அந்த ஆல்பத்துக்கு கிராமி விருது கிடைத்தது. அப்போது வெர்வோர்ட் இன்னும் பிரதமர்.